எழுத்தில் மட்டும் நிற்கிற மார்க்

என்னிடம் வருகிற நர்ஸ் பிள்ளைகள் உட்கார்ந்ததும் முதலில் நீட்டுவது செல்போனைத்தான். திரையில், வெளிநாட்டில் நர்ஸாகப் போவதற்காக எழுதிய ஆங்கிலத் தேர்வின் மார்க் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் கேட்பதில் நல்ல மார்க், பேசுவதில் பரவாயில்லை, வாசிப்பதில் எப்படியோ தாண்டியிருப்பார்கள். எழுத்தில் மட்டும் நின்றுபோயிருக்கும். ஐஇஎல்டிஎஸ் என்கிற பொதுவான ஆங்கிலத் தேர்வை எழுதியவர்களுக்கு அது 6. மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வை எழுதியவர்களுக்கு 280 அல்லது 290. இன்னும் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் அடுத்த தடவையும் வராது. அப்புறம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மிஸ், எனக்கு இங்கிலீஷ் இவ்வளவுதானா?"

இல்லை என்றுதான் சொல்கிறேன், சமாதானத்துக்காகச் சொல்வதில்லை. கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தேன். இப்போது பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் என் வீட்டு முன்னறையில், டூட்டி முடிந்து வருகிற இந்தப் பிள்ளைகளோடு சாயங்காலங்களில் உட்காருகிறேன். அவர்கள் எழுதிய தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. நம் பிள்ளைகள் தங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்டுவதற்காக எழுதுகிறார்கள். தேர்வோ, ஒரு விஷயத்தை ஒருவருக்குச் சொல்லத் தெரிகிறதா என்று பார்க்கிறது. மார்க் நிற்கிற இடம் இதுதான். அப்படிச் சொல்லும் திறமை அவர்களிடம் இல்லாமல் இல்லை. வார்டில் தினமும் தமிழில் அதைத்தான் செய்கிறார்கள்.

வருகிறவர்கள் வள்ளியூர், களக்காடு, திசையன்விளை, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. நர்சிங் படிக்கக் கல்விக் கடன் வாங்கியிருப்பார்கள். பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ நாகர்கோவிலிலோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அந்தச் சம்பளத்தில் கடன் வட்டி கட்டிவிட்டு வீட்டுக்கும் கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவை தேர்வு எழுதவும் ஒரு மாதச் சம்பளம் போய்விடுகிறது. அதனால் 6 என்ற ஒற்றை எண் அவர்கள் வீட்டில் உண்டாக்குகிற வருத்தத்தை நான் சிறிதாக நினைப்பதே இல்லை.

மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்து பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர் இது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் ஆங்கிலத்தை நாம் இங்கே கற்பித்த விதம் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. நோட்ஸ் கொடுப்போம், மனப்பாடம் செய்வார்கள், அப்படியே எழுதுவார்கள், மார்க் போடுவோம். வாசிக்கிற ஆள் யார் என்று ஒரு பிள்ளையும் யோசிக்க வேண்டி வந்ததில்லை. பன்னிரண்டு வருஷம் அப்படிப் பழகிய கை, இருபத்தைந்து வயதில் திடீரென்று மாறாது. மாற்றலாம், ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

எத்தனை மார்க் வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் அகாடமிக் பிரிவில் மொத்தம் 7 கேட்கிறது. கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வேண்டும். எழுத்தில் 6.5 போதும். ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, அதாவது 350க்குக் குறையாமல் வேண்டும். எழுத்தில் சி பிளஸ், அதாவது 300 போதும். எழுத்துக்கான இந்தத் தளர்வு சில வருஷங்களுக்கு முன்னால்தான் வந்தது, முன்பு அதிலும் 7 கேட்டார்கள். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பயப்படுகிற பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் ஓஇடியைத்தான் சொல்வேன். கட்டணம் கூடுதல்தான். ஆனால் அது மருத்துவத் துறையினருக்காகவே உண்டான தேர்வு. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்னமாரா அதை வடிவமைத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற டாக்டரும் நர்ஸும் வேலை பார்க்கும் இடத்தில் பேசவும் எழுதவும் முடிகிறதா என்று பார்ப்பதே நோக்கம். பனிப்பாறை உருகுவதைப் பற்றிக் கட்டுரை எழுதத் திணறுகிற பிள்ளை, இடுப்பெலும்பு முறிந்த பாட்டியைப் பற்றி எழுதுகிறபோது திணறுவதில்லை.

திணறுவதில்லை என்று சொன்னேன். ஆனால் எழுதத் தொடங்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓஇடி எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளியின் கேஸ் குறிப்புகளைக் கொடுப்பார்கள். 5 நிமிடம் வாசிக்க மட்டும். அப்புறம் 40 நிமிடத்தில் ஒரு கடிதம். கடிதத்தின் உடல் சுமார் 180 முதல் 200 வார்த்தை. குறிப்புகளோ அதைவிடப் பெரியவை. இதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதுதான் தேர்வே.

களக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழுதிக் கொண்டுவந்த கடிதம் இது. தனியாக இருக்கும் 72 வயதுப் பெண், இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்கு வந்து பார்க்கப்போகிற நர்ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும். அவள் சின்ன வயதில் டான்சில் எடுத்ததில் ஆரம்பித்திருந்தாள். பித்தப்பை ஆபரேஷன் வந்தது. கணவர் இறந்த வருஷம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்த பிளட் பிரஷர் வந்தது. அந்த நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசி வரியில், அதுவும் பாதியாக வந்தது. இலக்கணம் பெரும்பாலும் சரி. வார்த்தைகள் நல்ல வார்த்தைகள்.

நோட்டை மூடச் சொன்னேன். "இப்போ உனக்கு நைட் டூட்டி முடிஞ்சிருக்கு. நான் காலை டூட்டிக்கு வந்த அக்கா. இந்த ஆச்சியைப் பத்தி எனக்கு ஓவர் கொடு" என்றேன். டூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி அடுத்த ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் ஓவர்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அக்கா, ஏழாம் பெட் ஆச்சி, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சி இன்னைக்கு வீட்டுக்குப் போறாவ. புண்ணு நல்லா இருக்கு, கிளிப் எடுக்கணும், தேதி எழுதிருக்கேன். ரத்தம் உறையாம இருக்கதுக்கு ஊசி இருக்கு, வீட்டுல போட ஆள் இல்ல. நடக்கதுக்குத்தான் பயப்படுதாவ, விழுந்துருவமோன்னு. மவன் வெளியூர்ல. ஒரு ஆளு பக்கத்துல நின்னுதான் நடக்க வைக்கணும்."

டான்சில் வரவில்லை. பித்தப்பை வரவில்லை. பிளட் பிரஷர் சரியாக இருந்ததால் அதுவும் வரவில்லை. எதற்காகச் சொல்கிறேன் என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. அடுத்து வருகிறவள் செய்ய வேண்டியது ஒவ்வொன்றாக, முக்கியமானது முன்னால் என்று வந்தது. ஆச்சியின் பயமும் வந்தது. நல்ல கடிதத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுத வைத்தேன். முன்பு எழுதியதைவிட எளிய ஆங்கிலம், முன்பு எழுதியதைவிட மிக நல்ல கடிதம்.

மதிப்பெண் போடுகிற முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஓஇடி கடிதத்துக்கு ஆறு அளவுகோல்கள். நோக்கம் தெளிவாகத் தெரிகிறதா என்பதற்கு 3 வரை. உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், கடிதத்துக்குரிய நடை, ஒழுங்கும் அமைப்பும், மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 7 வரை. நாம் பள்ளிக்கூடத்திலிருந்து கட்டிக்காக்கிற இலக்கணமும் வார்த்தை வளமும் பெரும்பாலும் மொழி என்கிற அந்த ஒரே அளவுகோலுக்குள் அடங்கிவிடுகின்றன. மற்ற ஐந்தும், வாசிக்கிறவருக்கு இந்தக் கடிதம் உதவுகிறதா என்றுதான் ஏதோ ஒரு வகையில் கேட்கின்றன. 280இல் நிற்கிற பிள்ளை வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டே இருந்தால், ஆறில் ஒன்றை மட்டும்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் யாருக்கு எழுதுகிறோம் என்பதைக் குறிப்புகளைப் படிப்பதற்கு முன்பே பார்க்கச் சொல்கிறேன். அது தாளின் கடைசியில் இருக்கும். அதே ஆச்சியைப் பற்றி பிசியோதெரபிஸ்டுக்கு எழுதினால் நடையும் பயமும் முன்னால் வரும், ஊசி ஒரு வரியோடு போகும். குடும்ப டாக்டருக்கு என்றால் மருந்துகள் முன்னால் வரும். மாதக்கணக்காகப் பார்த்துவரும் டாக்டருக்கு, அவருக்கே தெரிந்த பழைய வியாதிகளைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கேஸ் ஷீட்டில் நாம் போடுகிற சுருக்கெழுத்துகளைக் கடிதத்தில் விரித்து எழுத வேண்டும். நோயாளியைப் பற்றி முடிவு கட்டுகிற வார்த்தைகள் வேண்டாம். "பேச்சுக் கேக்க மாட்டாவ" என்று வார்டில் சொல்லிக்கொள்வோம். கடிதத்தில், மாத்திரைகளைத் தொடர்ந்து எடுக்கச் சிரமப்படுகிறார் என்று எழுதினால் வாசிக்கிற நர்ஸுக்கும் என்ன செய்வதென்று வழி தெரியும்.

மொழி விஷயத்தில், தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு. வந்து, பார்த்து, ரத்தம் எடுத்து, ஸ்கேன் பண்ணி, ரிப்போர்ட் வாங்கி, டாக்டரிடம் காட்டினார் என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றில் முடிப்பது நமக்கு இயல்பு. தமிழில் அது அழகு. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், 'அண்ட்' போட்டுப் போட்டு ஐந்து வரிக்கு ஒரே வாக்கியம் நீளும். காலமும் நடுவில் குழம்பிவிடும். ஒரு வாக்கியத்தில் இரண்டு வினை, அதற்கு மேல் வந்தால் முற்றுப்புள்ளி என்று சில வாரம் கட்டாயமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பலருக்கு அந்த ஒன்றிலேயே எழுத்து தெளிந்துவிடுகிறது.

'ஏ', 'தி' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுவது நம் மொழியில் இல்லாததால் விட்டுப்போகும். 'ஷீ' என்று தொடங்கிய வாக்கியத்தில் வினையின் கடைசி 's' விட்டுப்போகும். நேற்று முடிந்ததையும் நேற்றிலிருந்து தொடர்வதையும் ஒரே காலத்தில் எழுதிவிடுவார்கள். எல்லாருக்கும் எல்லாத் தவறும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு தனி நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு கடிதத்தையும் முடித்த பின் அந்த நாலைந்துக்காக மட்டும் ஒரு தடவை வாசியுங்கள். மொத்த இலக்கணப் புத்தகத்தையும் முதலிலிருந்து படிப்பதைவிட இது பலன் தரும். நான் அடித்துச் சொல்கிற சில விஷயங்களில் இது ஒன்று.

ஐஇஎல்டிஎஸ்தான் எழுதப்போகிறேன் என்பவர்களுக்கும் பாடம் இதுவேதான். 60 நிமிடத்தில் இரண்டு எழுத்து. முதலாவது 150 வார்த்தைக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 250க்கு. இரண்டாவதற்கு இரு மடங்கு மதிப்பு. அதனால் முதலாவதற்கு 20 நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கொடுக்காதீர்கள். கட்டுரையில், "இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்கி எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற மாதிரி எங்கிருந்தோ வாங்கி மனப்பாடம் செய்த வரிகளைப் பார்த்தால் எனக்கு மனது கனத்துப்போகிறது. அந்தப் பிள்ளை அதற்குப் பணமும் கொடுத்திருப்பாள். திருத்துகிறவர்களுக்கு அந்த வரிகள் தூரத்திலேயே தெரிந்துவிடும், அவற்றுக்கு மார்க் இல்லை. கேட்ட கேள்விக்கு உங்கள் நிலை என்ன என்பது முதலிலிருந்து கடைசி வரை தெளிவாகத் தெரிய வேண்டும், ஒவ்வொரு பத்தியும் ஒரு கருத்தை எடுத்து விரித்துச் சொல்ல வேண்டும். 7 பேண்டுக்கு, அதாவது 7 மார்க்குக்கு, அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

வயதானவர்களைப் பிள்ளைகள் வீட்டில் வைத்துப் பார்ப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று கேள்வி வந்தது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்களில் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிற தாத்தாவையும் ஆச்சியையும் தெரியாதவர் உண்டா? அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார்கள் என்று ஒரு நர்ஸுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அதை எழுதுங்கள். பெரிய வார்த்தை இல்லாவிட்டாலும் அந்தப் பத்திக்குள் ஆள் இருக்கும்.

கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்கள் டைப்பிங்கையும் பழகிக்கொள்ளுங்கள். செல்போனில் கட்டைவிரலால் வேகமாக அடிக்கிற பிள்ளைகள் கீபோர்டின் முன்னால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். யோசனை ஓடும், கை ஓடாது.

சரி, கேட்பதற்கு வருவோம். எழுத்துக்கு அடுத்து அதிகம் பேர் நிற்கிற இடம் இதுதான். ஐஇஎல்டிஎஸ்ஸில் 40 கேள்வி. ஏறத்தாழ 23 சரியென்றால் 6, 30 சரியென்றால் 7. நடுவில் இருப்பது ஏழு கேள்விகள். அந்த ஏழில் பாதி, விடை தெரிந்தும் போகிறவை. ஸ்பெல்லிங் தப்பினால் போச்சு. பன்மையின் 's' விட்டால் போச்சு. இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்க மூன்று எழுதினால் போச்சு. பேசுகிறவர் முதலில் ஒரு தேதி சொல்வார், உடனே இல்லையில்லை என்று மாற்றுவார். முதலில் கேட்டதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். ஓஇடியிலும் அப்படித்தான்.

மீதிப் பாதிக்குக் காது பழக வேண்டும். தமிழில் ப என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது. அதனால் நோயாளி விழுங்குகிற பில்லும் கவுண்டரில் கட்டுகிற பில்லும் நம் காதில் ஒன்றாகவே விழுகின்றன. பதினைந்தையும் ஐம்பதையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது அழுத்தம் விழுகிற இடத்தைக் கவனிக்காவிட்டால் தப்பிவிடும். மருந்தின் அளவு சொல்லும் இடத்தில் அது தப்பினால் என்ன ஆகும் என்று நர்ஸுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று, தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய இடம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தமான அசைகள் மட்டும் தெளிவாக வரும், மற்றவை கரைந்துபோகும். நம் பிள்ளைகளுக்குப் பெரிய மருத்துவச் சொற்கள் எல்லாம் கேட்டுவிடும். நடுவில் கரைந்துபோன சின்னச் சொற்கள்தான் கேட்பதில்லை. 'முடியும்', 'முடியாது' என்கிற வித்தியாசம் பலமுறை அந்தச் சின்னச் சொல்லில்தான் இருக்கிறது.

இதற்கு சப்டைட்டிலோடு சினிமா பார்ப்பது உதவாது. கண் வாசித்துவிடும், காது வேலை செய்யாது. எழுத்து வடிவமும் கிடைக்கிற ஒரு பேச்சை எடுங்கள். பிபிசியின் உடல்நலம் பற்றிய பேச்சாக இருக்கலாம். ஒரே ஒரு நிமிடம். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கேட்டதை எல்லாம் எழுதுங்கள். அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒத்துப் பாருங்கள். விட்டுப்போன சொற்களை மட்டும் வட்டமிட்டு, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள், காலையில் எழுதிய அதே ஒரு நிமிடத்தைப் பயணம் முழுக்கக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு மணி நேரம் எதையாவது காதில் ஓடவிடுவதைவிட இந்த ஒரு நிமிடம் மேல்.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓஇடியில் முதல் பகுதி 15 நிமிடத்தில் 20 கேள்வி. நேரம் முடிந்ததும் அந்தத் தாள் கையை விட்டுப் போய்விடும். அங்கே முழுதாக வாசிக்கக் கூடாது. கேள்வியில் இருக்கிற மருந்துப் பெயரையோ எண்ணையோ பிடித்துக்கொண்டு, கொடுத்திருக்கிற நாலு உரைகளில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கேஸ் ஷீட்டைப் புரட்டுகிற கைக்கு இது சீக்கிரம் வந்துவிடுகிறது. கடைசிப் பகுதி நேர் எதிர். அதில் நிதானமாக வாசித்தால்தான் எழுதியவருடைய கருத்து பிடிபடும்.

பேச்சில் எல்லாரும் பயப்படுவது உச்சரிப்புக்கு. நம் ஊர் வாடை வருமே என்று. வரட்டும். பேசுவது கேட்கிறவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் அளவுகோல். இங்கிலாந்துக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றிப் பேசுகிறவர்களுக்குத்தான் புரிவது குறைந்துபோகிறது. திருநெல்வேலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேகம். நாம் படபடவென்று பேசுகிறவர்கள். வாக்கிய முடிவில் ஒரு மூச்சு விட்டுப் பேசினாலே பாதி சரியாகிவிடும். 'பஸ்', 'பெட்' போன்ற சொற்களின் கடைசியில் உகரம் சேர்ப்பதையும் குறைக்கலாம்.

ஓஇடி பேச்சுத் தேர்வில் இரண்டு நடிப்புக் காட்சிகள், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகப் பேசுவார், மார்க் போடுகிறவர் அவர் இல்லை. பதிவை வேறு ஆட்கள் கேட்டு மார்க் போடுவார்கள். அதில் மொழிக்கு மட்டும் மார்க் இல்லை. நோயாளியோடு உறவு உண்டாக்குவது, அவர் பக்கத்து எண்ணத்தைப் புரிந்துகொள்வது, தகவல் கேட்பது, தகவல் சொல்வது எல்லாவற்றுக்கும் உண்டு. இங்கேதான் நம் வார்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. ஒரு நர்ஸுக்கு நாற்பது நோயாளி இருக்கிற இடத்தில், "ஒண்ணும் ஆவாது, பயப்படாதிய" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத்தான் நேரம் இருக்கிறது. அது அவர்கள் குற்றம் இல்லை. ஆனால் தேர்வில் அந்த ஒரு வரி போதாது. என்ன பயம், ஏன் பயம், இதற்கு முன்னால் இதைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதிலைக் கேட்ட பிறகுதான் ஆலோசனை. சொன்னது புரிந்ததா என்று கடைசியில் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றம் வரும். நேரம் கிடைத்தால் அவர்கள் செய்ய விரும்புவதும் இதைத்தான். சொந்த ஆச்சியிடம், "என்னத்துக்கு ஆச்சி பயப்படுதிய?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பதில்லையா? ஆங்கிலத்தில் அந்தக் கேள்விக்கு நாலு வார்த்தைகூட வேண்டாம்.

ஐஇஎல்டிஎஸ் பேச்சில் 1 நிமிடம் யோசித்து 2 நிமிடம் வரை பேசுகிற பகுதி உண்டு. உங்களுக்குப் பிடித்த இடம் என்று கேட்டால் பாரிஸையும் தாஜ்மகாலையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். குற்றாலத்தைச் சொல்லுங்கள். சாரல் தொடங்கியதும் யாரோடு போனீர்கள், ஐந்தருவியில் கூட்டம் எப்படி இருந்தது, ஈரத்துணியோடு வேனில் எப்படித் திரும்பினீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் 2 நிமிடம் போதாது. நினைவிலிருந்து வருகிற பேச்சில் இறந்தகால வினைகள் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

மார்க் கணக்கில் தெரிந்திருக்க வேண்டிய சில உண்டு. ஐஇஎல்டிஎஸ் மொத்த மார்க் நாலின் சராசரி. 6.25 வந்தால் 6.5 ஆக உயரும், 6.75 வந்தால் 7. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் இரண்டு தடவை எழுதிய மார்க்கைச் சேர்த்துக்கொள்ள விடுகிறது. 12 மாதத்துக்குள் எழுதியிருக்க வேண்டும், இரண்டு தடவையும் நாலு பகுதிகளும் எழுதியிருக்க வேண்டும். எதிலும் வேண்டிய அளவுக்கு அரை பேண்டுக்கு மேல் குறையக் கூடாது, ஓஇடி என்றால் அரை கிரேடுக்கு மேல். கம்ப்யூட்டரில் ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்கள் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாம். ஆனால் நீங்கள் போகிற நாட்டின் அமைப்பு அதை ஏற்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

சென்னை போய் எழுதுகிறவர்கள் நைட் டூட்டி முடித்த கையோடு ரயில் ஏறாதீர்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் கண் விழித்து வந்து, எழும்பூரில் முகம் கழுவிவிட்டு நேரே தேர்வுக்குப் போன பிள்ளைகளுக்குக் கேட்கும் பகுதிதான் முதலில் அடிவாங்குகிறது. லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஒரு நாள் முன்னதாகப் போக வழி பாருங்கள். கட்டின பணத்துக்கு அது தகும்.

ரிசல்ட் வந்த அன்றைக்கே அடுத்த தேதி போடுகிற அவசரமும் வேண்டாம். அதே பழக்கத்தோடு போனால் அதே மார்க்தான் வரும். இடையில் கடிதம் எழுதுங்கள், யாரிடமாவது கொடுங்கள். திருத்திக்கொடுக்க ஆள் இல்லை என்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் இருக்கிற இரண்டு தோழிகள் வாட்ஸ்அப்பில் செய்வது இது. ஓஇடி தளத்தில் மாதிரிக் குறிப்புகள் கிடைக்கும். ஒருத்தி அதை வைத்துக் கடிதம் எழுதிப் படமெடுத்து அனுப்புவாள். மற்றவள் குறிப்புகளைப் பார்க்கக் கூடாது. கடிதத்தை ஒரே தடவை வாசித்துவிட்டு, இந்த நோயாளிக்கு நாளைக்குக் காலையில் நான் என்னென்ன செய்ய வேண்டும் என்று தமிழில் வாய்ஸ் மெசேஜ் போடுவாள். எழுதியவள் அதைக் குறிப்புகளோடு ஒத்துப் பார்ப்பாள். ஊசியை விட்டுவிட்டாளா, கிளிப் எடுக்கிற தேதியைத் தப்பாகச் சொல்கிறாளா என்று பார்த்தால், கடிதத்தில் எந்த வரி வேலை செய்யவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த வரியைத் திருத்தி, அன்றைக்கே திரும்ப அனுப்ப வேண்டும்.